இன்று இரவு ‘ஷூ’

தினேஸ்வரியின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிவப்புப் பேனா இருக்கும்.

ஈப்போவில், புந்தோங் பக்கத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் அவள் ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள். ஆங்கில ஸ்பெல்லிங் போட்டியில் போன வருடமும் அவளுக்குத்தான் முதல் பரிசு, இந்த வருடமும் அவளுக்குத்தான். பரிசு வாங்கியதில் ஒன்றும் தப்பில்லை. ஆனால் அதற்குப் பிறகு எந்த எழுத்தும் அவள் கண்ணிலிருந்து தப்பிக்க முடியவில்லை.

தெருமுனைச் சாப்பாட்டுக் கடையின் விலைப் பலகையில், ‘சிக்கன்’ என்று எழுத வேண்டிய இடத்தில் எழுத்து மாறிப்போய் ‘கிச்சன்’ என்று இருந்தது. தினேஸ்வரி பலகையின் முன்னால் நின்று இடுப்பில் கை வைத்தாள்.

“ரூபன் அண்ணே, உங்க கடையில சமையலறையைப் பொரிச்சா தாரீங்க?”

வரிசையில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். ரூபனும் சிரித்தார். “ஒரு துண்டு கூட வைக்கிறேன். சத்தம் போடாம போலா” என்று பொட்டலத்தைக் கட்டிக் கொடுத்தார்.

வீட்டிலும் அப்படித்தான். அவளுடைய அப்பா மகேந்திரன் லோரி ஓட்டுகிறார். பீடோரிலிருந்து கொய்யாப்பழம் ஏற்றிக்கொண்டு வந்து ஈப்போ பாசாரில் இறக்குவது அவர் வேலை. அவர் எழுதுவது ரொம்பக் குறைவு. பள்ளிக்கூடத்திலிருந்து ஏதாவது வந்தால், “விமலா, இதை நீ பார்த்துக்க” என்று அம்மாவிடம் தள்ளிவிடுவார்.

ஒருநாள் அதிசயமாக, நாளைக்கு கேஸ் தோம்பு, அதாவது சிலிண்டர், வரும் என்று ஆங்கிலத்தில் ஒரு துண்டுத் தாளில் எழுதி, ஐஸ் பெட்டியின் கதவில் காந்தத்தை வைத்து ஒட்டியிருந்தார். ‘கேஸ் டுமாரோ’. அவ்வளவுதான். ஆனால் ‘டு’வுக்கும் ‘மாரோ’வுக்கும் நடுவில் ஒரு சின்னக் கோடு இருந்தது.

சிவப்புப் பேனா உடனே வெளியே வந்தது. கோட்டைச் சுற்றி ஒரு பெரிய வட்டம்.

“அப்பா, டுமாரோ ஒரே சொல்லுப்பா. நடுவுல கோடு வராது.”

“ஓ, அப்படியாம்மா” என்றார் அப்பா.

அதற்குப் பிறகு அவர் எழுதவில்லை, படம் வரைந்தார். கேஸ் தீர்ந்தால் ஒரு தோம்பு. அரிசி தீர்ந்தால் ஒரு மூட்டை. அவர் வரைந்த கேஸ் தோம்பு தொப்பை வைத்த ஆளைப் போல இருக்கும். அதைப் பார்த்து தினேஸ்வரி விழுந்து விழுந்து சிரிப்பாள். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

*

ஒரு சனிக்கிழமை காலையில் வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. சுங்கை சிப்புட்டிலிருந்து ராஜு மாமா வந்திருந்தார். பின்னிருக்கையில் ஒரு பெரிய மரப்பலகையைக் குறுக்காகக் கட்டியிருந்தார். அது இரண்டு பக்கமும் இறக்கையைப் போல நீட்டிக்கொண்டிருந்தது.

“அலாமாக், வர்ற வழியெல்லாம் லோரிக்காரனுங்க ஹாரன் அடிச்சே கொன்னுட்டானுங்க” என்றபடி அவர் கயிற்றை அவிழ்த்தார்.

ராஜு மாமாவும் அப்பாவும் ஒரே தோட்டத்தில் பிறந்தவர்கள். பாலத்தடித் தோட்டம் என்று அதற்குப் பெயர். அங்கே இப்போது ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை. பாதி செம்பனை, பாதி புது வீடுகள். மிஞ்சியிருப்பது மாரியம்மன் கோவிலும் அதன் முன்னால் இருக்கும் திடலும்தான். வருடத்துக்கு ஒருமுறை பழைய தோட்டத்து ஆட்கள் அங்கே ஒன்றுகூடுவார்கள். இந்த வருடம் அடுத்த சனிக்கிழமை சாயங்காலம், அந்தக் காலத்தைப் போலவே திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போடப் போகிறார்களாம்.

“படம் போட்டா பலகை வேணாமா? அதான் கொண்டாந்தேன். வெள்ளைக்காரத் துரை காலத்துப் பலகை” என்று ராஜு மாமா பலகையைத் தட்டினார். அதிலிருந்து தூசியும் இரண்டு கோழி இறகும் விழுந்தன.

தோட்டத்தை விற்றபோது அவர் அந்தப் பலகையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். இத்தனை வருடமாக அது அவர் வீட்டுக் கோழிக்கூண்டுக்குக் கதவாக இருந்திருக்கிறது. எழுத்தெல்லாம் அழுக்கில் மறைந்து போயிருந்தது.

“உன் மகதானே ஸ்பெல்லிங் சாம்பியன். கழுவித் துடைச்சு அவளே புதுசா எழுதட்டும்” என்று அப்பாவிடம் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “பலகையைத் தூக்கப்போறது நீதான், மகேன். அப்ப மாதிரியே.”

அப்பா பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். கையை நீட்டி அதன் ஓரத்தை ஒருமுறை தடவினார். தினேஸ்வரிக்கு அவர் முகம் ஒரு நிமிடம் சின்னப் பையன் முகத்தைப் போலத் தெரிந்தது.

*

ராஜு மாமா புறப்பட்டுப் போனதும் தினேஸ்வரி தேங்காய் நாரும் சவுக்காரமும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தேய்க்கத் தேய்க்கக் கோழி வாடை போனது. நீல நிறம் தெரிந்தது. அதன்மேல் வெள்ளை எழுத்துகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அளவெடுத்தது போல அழகான எழுத்துகள். ஒவ்வொன்றின் காலடியிலும் ஒரு சின்னக் கோடு.

எஸ். எச். ஈ. டபிள்யூ.

அவள் தேய்ப்பதை நிறுத்தினாள். மறுபடி படித்தாள். இன்று இரவு ‘ஷோ’ இருக்கிறது என்றுதானே எழுதியிருக்க வேண்டும்? ‘ஷோ’வுக்கு நடுவில் ‘ஓ’ அல்லவா வரவேண்டும்? இங்கே ‘ஈ’ இருக்கிறது. பக்கத்தில் இருந்த ‘டுநைட்’டின் நடுவிலும் ஒரு கோடு.

“அப்பா, இங்க வந்து பாருங்க. இதை எழுதினவருக்கு நாலு எழுத்து கூட ஒழுங்கா வரலை. இதை எப்படிப்பா படிக்கிறது? ஷூன்னா?”

சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “இன்று இரவு சப்பாத்து.”

அப்பா சிரிக்கவில்லை.

“தப்புன்னா மாத்திரும்மா” என்றார். “ஓ-வே போட்டுரு.”

அவர் வெளியே போய் லோரியைக் கழுவ ஆரம்பித்தார். காலையில்தான் அதைக் கழுவியிருந்தார்.

தினேஸ்வரி நீலச் சாயத்தை எடுத்து ‘ஈ’யின்மேல் பூசி அதை மறைத்தாள். நீலம் காய்ந்த பிறகு ‘ஓ’ எழுதலாம் என்று நினைத்தாள். பல் விழுந்த வாயைப் போல, சொல்லின் நடுவில் ஒரு ஓட்டை இருந்தது.

அப்போது வாசலில் அப்பா ராஜு மாமாவோடு ஃபோனில் பேசுவது கேட்டது.

“இல்லண்ணே, நான் வரலை. அன்னிக்கு பீடோர்ல லோட் இருக்கு. பலகையை வேற யாரையாவது தூக்கச் சொல்லுங்க.”

தினேஸ்வரி தூரிகையைக் கீழே வைத்தாள். சனிக்கிழமை சாயங்காலம் பீடோரில் எந்தக் காலத்திலும் லோட் இருந்ததில்லை.

*

அம்மா சமையலறையில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். தினேஸ்வரி பக்கத்தில் உட்கார்ந்து தானும் இரண்டு நெத்திலியின் தலையைக் கிள்ளினாள்.

“அப்பா ஏம்மா பொய் சொல்றாரு?”

அம்மா கையிலிருந்த நெத்திலியைத் தட்டில் போட்டாள். பிறகு மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள்.

பாலத்தடித் தோட்டத்தில் மாதத்துக்கு ஒருமுறை படம் போடுவார்களாம். பட்டணத்திலிருந்து படப்பெட்டியோடு வேன் வரும். படம் போடும் நாளில், தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி இந்தப் பலகையை வெளியே எடுத்து வைப்பார். ஒரு பையன் அதைத் தூக்கிக்கொண்டு, குச்சியால் தட்டிக்கொண்டே, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயம் ஒவ்வொன்றாக ஓடுவான். “ஷூ டுநைட்” என்று கத்துவான். பலகையில் அப்படி இருந்ததால் அந்தத் தோட்டத்தில் படத்துக்குப் பெயரே ‘ஷூ’ என்று ஆகிவிட்டது. ஆங்கிலமே தெரியாதவர்கள் கூட, ‘ஷூவுக்கு நேரமாச்சு, சீக்கிரம் சோத்தை ஆக்கு’ என்பார்களாம்.

“அந்தப் பையன் அப்பாவா?”

“அப்பாதான். அந்த வேலைக்குப் பெரிய சண்டையே நடக்குமாம். தூக்குறவனுக்கு வேன் பக்கத்துல உட்கார இடம் கிடைக்கும்ல.”

தோட்டம் கைமாறியதும் அப்பாவின் குடும்பம் ஈப்போவுக்கு வந்தது. புதுப் பள்ளியில் முதல் வாரம், போன சனிக்கிழமை என்ன செய்தாய் என்று ஆங்கிலத்தில் எழுதச் சொன்னார்கள். அப்பாவுக்குத் தெரிந்த ஆங்கிலம் எல்லாம் அந்தப் பலகையில் இருந்ததுதான். அன்று இரவு ‘ஷூ’ பார்த்தேன் என்று எழுதினார். அதே எழுத்துகள். ஆசிரியர் அதை உரக்கப் படித்துவிட்டு, “எந்தக் கால் சப்பாத்து? இடதா வலதா?” என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. அதற்குப் பிறகு பள்ளியை விட்டுப் போகும்வரை அவருக்குச் சப்பாத்து மகேன் என்றுதான் பெயர்.

“உங்களுக்கு எப்படிம்மா இவ்வளவு தெரியும்?”

“நானும் அந்த வகுப்புலதானே இருந்தேன்” என்றாள் அம்மா. அவள் கன்னம் லேசாகச் சிவந்தது. “நான் சிரிக்கலை. என்ன படம்னு கேட்டேன். அவரு பதில் சொல்லாம வெளியே ஓடிட்டாரு.”

தினேஸ்வரி ஐஸ் பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். காந்தத்தின் கீழே தொப்பை வைத்த கேஸ் தோம்பு இருந்தது. அதன் அடியில் பழைய துண்டுத் தாள். அவள் போட்ட சிவப்பு வட்டத்தின் ஒரு ஓரம் வெளியே எட்டிப் பார்த்தது.

இப்போது அந்தத் தோம்பைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

*

அன்று சாயங்காலம் அம்மா விளக்கேற்றும்போது தினேஸ்வரி சாமி மேடையின் முன்னால் நின்றாள். நடுவில் ஒரு பழைய படம். தோட்டத்துக் கோவிலிலிருந்து வந்தது. படத்தின் கீழே ‘மாரியம்மன் துணை’ என்று எழுதியிருக்கும். அதில் ‘ணை’ மட்டும் வேறு மாதிரி இருக்கும். எழுத்தின் தலைக்கு மேலே யானைத் தும்பிக்கை போல ஒரு சுழி.

சின்ன வயதில் அதைப் பார்த்து, “ஏம்மா எழுத்துக்குத் தும்பிக்கை இருக்கு?” என்று அவள் கேட்டிருக்கிறாள். அது அந்தக் காலத்து எழுத்து, அப்போது எல்லாரும் அப்படித்தான் எழுதினார்கள் என்று அம்மா சொல்லியிருந்தாள்.

தினேஸ்வரி தும்பிக்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஓடிப்போய்ப் பலகையைப் பார்த்தாள்.

ஒவ்வொரு எழுத்தையும் கோடு போட்டு, அளவெடுத்து எழுதியிருக்கிறார் அந்தக் கிராணி. இவ்வளவு பொறுமையாக எழுதுகிறவர் ஒரு சின்னச் சொல்லில் தப்புச் செய்வாரா? தோட்டத்தில் வெள்ளைக்கார துரைகள் இருந்த காலத்துப் பலகை என்று ராஜு மாமா சொன்னாரே. தப்பாக இருந்தால் அந்தத் துரைகள் சும்மா விட்டிருப்பார்களா?

ஒருவேளை இங்கிலீஷுக்கும் தும்பிக்கை இருந்ததோ?

*

திங்கட்கிழமை காலையில் தினேஸ்வரி ஆங்கில ஆசிரியை குமுதா டீச்சரின் மேசை முன்னால் போய் நின்றாள். விஷயத்தைக் கேட்டதும் டீச்சர் முதலில் தலையை ஆட்டினார். அப்படி ஒரு சொல் இருப்பதாகத் தனக்குத் தெரியவில்லை என்றார். இருந்தாலும் பார்த்துவிடலாம் என்று நூலகத்துக்கு அழைத்துப் போனார்.

அங்கே அலமாரியின் அடித்தட்டில் ஒரு தடித்த அகராதி கிடந்தது. யாரோ எப்போதோ பள்ளிக்குக் கொடுத்தது. தலையணை அளவு கனம். இரண்டு பேரும் தரையிலேயே உட்கார்ந்து அதைத் திறந்தார்கள். பழைய தாளின் வாசனை வந்தது. டீச்சர் இரண்டு முறை தும்மினார்.

தினேஸ்வரியின் விரல் ‘எஸ்’ஸில் தொடங்கி, ‘எஸ்-எச்’சுக்கு வந்து, மெதுவாகக் கீழே இறங்கியது.

நின்றது.

எஸ். எச். ஈ. டபிள்யூ. ‘ஷோ’ என்பதன் பழைய எழுத்துமுறை என்று போட்டிருந்தது.

“அட, இருக்கு” என்றார் டீச்சர். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இன்னும் கிட்டே குனிந்தார். “ஷோன்னுதான் சொல்லியிருக்காங்க. எழுத்துதான் வேற.”

“அப்போ டுமாரோ, டீச்சர்?”

பக்கங்கள் புரண்டன. ‘டுமாரோ’வின் நடுவில் ஒரு சின்னக் கோடு இருந்தது. ‘டுநைட்’டிலும் இருந்தது. ‘டுடே’யிலும் இருந்தது. அந்தக் காலத்தில் புத்தகத்திலேயே அப்படித்தான் அச்சடித்தார்களாம்.

இருவருக்கும் அது விளையாட்டாகிவிட்டது. சிறைச்சாலைக்கான சொல் ‘ஜெயில்’, ‘ஜி’யில் தொடங்கி ‘ஏ’, ‘ஓ’, ‘எல்’ என்று முடிந்தது. அது கிட்டத்தட்ட பந்தாட்டத்து ‘கோல்’ மாதிரியே இருந்தது. கோல் போட்டவனைப் பிடித்து உள்ளே வைத்துவிடுவார்கள் போலிருக்கிறதே என்று டீச்சர் சிரித்தார். மணி அடித்தது இருவருக்குமே கேட்கவில்லை.

“டீச்சர், போட்டியில நான் இப்படி எழுதினா?”

“மார்க் கிடைக்காது. இப்ப யாரும் அப்படி எழுதறதில்லையே.”

“ஆனா தப்பு இல்லை.”

“தப்பு இல்லைம்மா. பழசு.”

தினேஸ்வரி எழுந்து நின்றாள். அகராதியை இரண்டு கைகளாலும் மார்போடு அணைத்துக்கொண்டாள். அது அவள் தாடைவரை வந்தது. “டீச்சர், இதை ஒருநாள் வீட்டுக்குக் கொண்டு போகலாமா?”

*

அப்பா வீடு வந்தபோது பலகை சுவரில் சாய்ந்து நின்றது. நடுவில் ஓட்டை இல்லை. அங்கே வெள்ளையாக ஒரு ‘ஈ’ இருந்தது. அது மற்ற எழுத்துகளைப் போல அவ்வளவு நேராக வரவில்லை. ஆனால் காலடியில் சின்னக் கோடு கூட இருந்தது.

“ஏம்மா ஈ போட்ட? தப்புன்னியே.”

“தப்பு இல்லைப்பா. பழசு.”

அவள் அப்பாவின் கையைப் பிடித்து மேசைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அகராதி விரித்தபடி இருந்தது. ஒரு பக்கத்தில் ஐஸ் குச்சியை அடையாளம் வைத்திருந்தாள்.

அப்பா புத்தகத்தைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். உள்ளே போய்ச் சவுக்காரம் போட்டுக் கையைக் கழுவி, துடைத்துக்கொண்டு வந்துதான் அதைத் தொட்டார்.

அவர் விரல் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டது. எஸ். எச். ஈ. டபிள்யூ. மறுபடியும் முதலிலிருந்து தொட்டது. தினேஸ்வரி அவசரப்படுத்தவில்லை. வெளியே ஐஸ்காரரின் மணிச் சத்தம் தெருவைக் கடந்து போனது.

“நான் தப்பா எழுதலை” என்றார் அப்பா.

ரொம்ப மெதுவாகத்தான் சொன்னார். அதை அவளிடம் சொன்ன மாதிரி இல்லை.

தினேஸ்வரி ஐஸ் பெட்டியிடம் போனாள். கேஸ் தோம்புப் படத்தின் அடியிலிருந்து அந்தத் துண்டுத் தாளை எடுத்தாள். சிவப்புப் பேனாவால் வட்டத்தின்மேல் பெரிதாக ஒரு சரி போட்டாள். அப்பாவின் முன்னால் வைத்தாள்.

“இதுவும் சரிதான்பா. நான்தான் பார்க்காம வட்டம் போட்டுட்டேன்.”

அப்பா தாளையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். அவள் தலையில் கை வைத்து முடியைக் கலைத்துவிட்டார். சமையலறை வாசலில் அம்மா கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள்.

“இப்பவாச்சும் சொல்லுங்க” என்றாள் அம்மா. “என்ன படம்?”

அப்பா முதலில் விழித்தார். பிறகு புரிந்ததும் அவர் காதெல்லாம் சிவந்துவிட்டது.

“பேய்ப் படம்” என்றார். “பேய் வந்ததும் நான் வேனுக்கு அடியில போய்ப் படுத்துட்டேன். கதை என்னன்னு எனக்கு இன்னும் தெரியாது.”

“இதைச் சொல்ல இத்தனை வருஷமா?” என்று அம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சாப்பிட்ட பிறகு அப்பா ஃபோனை எடுத்தார். “அண்ணே, சனிக்கிழமை பீடோர் லோட் இல்லை. நான் வாரேன்.”

“எனக்குத் தெரியும்லா. சனிக்கிழமை சாயங்காலம் எவன் கொய்யாப்பழம் ஏத்துவான்?” என்று ராஜு மாமா சொன்னது தினேஸ்வரிக்குக் கூடக் கேட்டது.

*

சனிக்கிழமை வெயில் தாழ்ந்தபோது அவர்கள் பாலத்தடித் திடலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கோல் கம்பங்களில் வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். காற்றில் அது வயிறு புடைத்து அடங்கியது. கோவில் பக்கம் பெரிய பானையில் தேத்தண்ணி கொதித்தது. கோலாலம்பூர், பினாங்கு என்று எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்திருந்தார்கள். ஒவ்வொருவரும் செம்பனை வரிசையைக் காட்டி, “எங்க லயம் அங்கதான் இருந்துச்சு” என்று பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். பிள்ளைகள் செம்பனையைத்தான் பார்த்தார்கள்.

அப்பா லோரியிலிருந்து பலகையை இறக்கினார். குச்சி ஒன்றை எடுத்துக்கொண்டார். ஆனால் கத்தவில்லை. பலகையை மார்பில் அணைத்தபடி திடலின் ஓரத்தில் நின்றார்.

அந்த நேரத்தில்தான் ராஜு மாமாவின் பேரன் ஷர்வின் சைக்கிளில் வந்து நின்றான். அவனுக்கு ஒன்பது வயது. பலகையைப் பார்த்தான். எழுத்துக்கூட்டினான்.

“அங்கிள், ஸ்பெல்லிங் தப்பு” என்று உரக்கச் சொன்னான். “ஷோவுக்கு ஓ வரும்.”

பக்கத்தில் இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். தினேஸ்வரி பதில் சொல்ல வாயைத் திறந்தாள்.

அப்பா அவளைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். பிறகு குனிந்து, ஷர்வினின் உயரத்துக்கு வந்தார்.

“தப்பு இல்லை தம்பி. பழசு. எங்க தினேஸ் அகராதியிலேயே பார்த்துட்டா.”

“நெசமாவா?”

“நெசமா. ஓரமா நில்லு, வழி விடு. எனக்கு வேலை இருக்கு.”

அவர் நிமிர்ந்தார். பலகையைத் தலைக்கு மேலே தூக்கினார். குச்சியால் ஓங்கி ஒரு தட்டு.

“ஷூ டுநைட்!”

திடலே திரும்பிப் பார்த்தது. பிறகு பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றிலிருந்து பழைய தோட்டத்துக் கருப்பம்மாள் பாட்டியின் குரல் வந்தது. அவருக்குக் கண் சரியாகத் தெரியாது. ஆனால் காது நன்றாகக் கேட்கும்.

“யாருடா அது, மகேனா? நேரமாச்சா? எனக்கு முன்னால இடம் போட்டு வைடா.”

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்புதான். ஆனால் அப்பாவும் அதில் சேர்ந்து சிரித்தார். அவர் ஓட ஆரம்பித்தார். லயங்கள் இல்லாததால் லோரிகளையும் கார்களையும் சுற்றிச் சுற்றி ஓடினார். ஷர்வின் சைக்கிளில் பின்னால் போனான். அவனுக்குப் பின்னால் எல்லாப் பிள்ளைகளும் ஓடினார்கள். “ஷூ டுநைட், ஷூ டுநைட்” என்று திடல் முழுக்க ஒரே சத்தம். ஐம்பது வயது மாமாக்கள் அவசர அவசரமாகப் பாயை விரித்து இடம் பிடித்தார்கள்.

இருட்டியதும் படம் தொடங்கியது. முன்னால் இடம் இல்லை. அப்பா தினேஸ்வரியையும் அம்மாவையும் துணிக்குப் பின்பக்கம் அழைத்துப் போனார். அங்கேயும் படம் தெரிந்தது. ஆனால் எல்லாமே இடம் வலமாக மாறித் தெரிந்தது. கதாநாயகன் இடது கையால் சண்டை போட்டான். எழுத்துகள் எல்லாம் திரும்பி நின்றன. ஒன்றைக்கூடப் படிக்க முடியவில்லை.

தினேஸ்வரிக்கு அது கொஞ்சமும் குறையாகத் தெரியவில்லை. அப்பாவின் தோளில் சாய்ந்துகொண்டு கடைசிவரை பார்த்தாள். பேய் வராத படம் என்பதால் அப்பாவும் கடைசிவரை பார்த்தார்.

*

மறுநாள் காலையில் அவள் தூங்கி எழுந்து வந்தபோது, ஐஸ் பெட்டியின் கதவில் புதிதாக ஒரு தாள் இருந்தது. படம் இல்லை. எழுத்துகள். அப்பா ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதியிருந்தார்.

முதல் வரியில் நாளைக்கு கேஸ் வரும் என்று இருந்தது. ‘டுமாரோ’வின் நடுவில் கோடு கம்பீரமாக நின்றது. இரண்டாவது வரியில் ‘தேங்க் யூ, தினேஸ்’ என்று எழுத நினைத்திருந்தார். ஆனால் முதல் சொல்லில் ஒரு ‘எச்’ விட்டுப்போயிருந்தது. ‘டேங்க் யூ’ என்று ஆகியிருந்தது.

தினேஸ்வரி தாளின் முன்னால் நின்றாள். அவள் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. பேனாவைத் தொட்டது. அங்கேயே நின்றுவிட்டது.

பின்னால் அப்பா தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து நின்றார். அவள் முகத்தையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“என்னாம்மா? ஏதாச்சும் இருக்கா?”

“கேஸ் தோம்புக்கா நன்றி சொல்லியிருக்கீங்க?”

அப்பா தாளுக்குக் கிட்டே வந்தார். எழுத்து எழுத்தாகப் படித்தார்.

“இதுவும் பழசா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“இல்லைப்பா. இது தப்புதான்.”

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். தேத்தண்ணி தரையில் சிந்தும் அளவுக்குச் சிரித்தார். பிறகு அவளிடம் கையை நீட்டினார்.

“அந்தச் சிவப்புப் பேனாவைக் குடு.”

விட்டுப்போன ‘எச்’சை அவரே நடுவில் நுழைத்து எழுதினார். பேனாவை மூடி, ஞாபகமில்லாமல் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

தினேஸ்வரி அதைத் திருப்பிக் கேட்கவே இல்லை.